கூட்டத்துக்கு யார் வாடகை கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஊர் நடுவில் இருந்த கடைத்தெரு ஊருக்கு வெளியே போன கதையைப் பெரும்பாலும் காரை வைத்தே சொல்வார்கள். கார் பெருகியது, நிறுத்த இடமில்லை, கடைகள் நெடுஞ்சாலை ஓரத்துக்குப் போய்விட்டன. பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதி வாடகைக் கணக்கில் இருக்கிறது. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு பழைய கடைத்தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். நடுநாயகமாக ஒரு பெரிய கடை. அதன் இரு பக்கமும் செருப்புக் கடை, சாவி செய்பவர், கடிகாரம் பழுது பார்ப்பவர். விளம்பரம் செய்து கூட்டத்தை வரவழைப்பது பெரிய கடை. அங்கே வந்தவர் திரும்பும் வழியில் கைக்கடிகாரத்துக்கு பேட்டரியும் மாற்றிக்கொண்டு போகிறார். நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீர் புல்லுக்கும் பொசிகிறது. ஆனால் புல்லிடம் தண்ணீர்க் காசு வசூலிக்க அங்கே ஆள் இல்லை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒவ்வொரு சொந்தக்காரர். தெருவோ பொதுச் சொத்து.

மாலில் அந்த ஆள் வந்துவிட்டார். மொத்த இடத்துக்கும் ஒரே சொந்தக்காரர். கூட்டத்தை இழுத்துவரும் பெரிய கடையை இந்தத் தொழிலில் 'ஆங்கர்' என்பார்கள், அதாவது நங்கூரம். அதற்குச் சதுர அடி வாடகை மிகக் குறைவு. அதன் கூட்டத்தில் பிழைக்கும் சிறு கடைகள் சதுர அடிக்குப் பல மடங்கு கொடுக்கும். கட்டட அமைப்பே இந்தக் கணக்கை ஒட்டித்தான். இரண்டு முனையிலும் இரண்டு ஆங்கர், நடுவே நீண்ட நடைபாதை, அதன் இரு பக்கமும் சிறு கடைகள். சில மால்களில் நீங்கள் கவனித்திருக்கலாம்: எஸ்கலேட்டரில் முதல் மாடிக்கு ஏறியதும், அடுத்த மாடிக்கான எஸ்கலேட்டர் பக்கத்திலேயே இருக்காது. பத்துப் பதினைந்து கடைகளைக் கடந்து போனால்தான் கிடைக்கும். அந்த நடைக்குத்தான் சிறு கடைக்காரர் வாடகை கட்டுகிறார்.

இந்த வடிவத்தை உலகம் முழுக்கப் பரப்பியதில் வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர் விக்டர் குரூனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அவர் வடிவமைத்த சவுத்டேல் திறந்தது. கூரை போட்ட, குளிரும் வெயிலும் தெரியாத மால். சுற்றிலும் வீடு, பள்ளி, பூங்கா எல்லாம் வரவேண்டும் என்பது அவர் கனவு. கடைகளும் கார் நிறுத்துமிடமும் மட்டும் மிஞ்சின. மனம் கசந்து வியன்னாவுக்கே திரும்பினார். அங்கேயும் 1976-ல் ஊருக்கு வெளியே ஒரு பெரிய மால் முளைத்தது. பாவம், மனிதர்.

பிரிட்டனுக்கு வருவோம். 'ஹை ஸ்ட்ரீட்' என்ற பெயரே கடைத்தெருவைக் குறிக்கும் நாடு அது. 1986-ல் கேட்ஸ்ஹெட்டில், மின் நிலையத்தின் சாம்பல் கொட்டிக் கிடந்த நிலத்தில் மெட்ரோசென்டர் என்ற மால் எழுந்தது. தொழில் நசிந்த பகுதிகளுக்கு அரசு தந்த சலுகை அதற்குக் கைகொடுத்தது: கட்டடத்துக்கு 10 ஆண்டு உள்ளூர் வரி கிடையாது. 1990-ல் ஷெஃபீல்டில் மூடிய எஃகு ஆலை இருந்த இடத்தில் மெடோஹால். 1999-ல் கென்ட்டில் பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குள் புளூவாட்டர், சுமார் 13,000 கார்கள் காசில்லாமல் நிற்கும் வசதியோடு. தெருவில் கடை வைத்தவர் வரியும் கட்டினார், தன் வாடிக்கையாளர் காரை நிறுத்தக் காசு கொடுப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் சமமான போட்டி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மெரி ஹில் மால் வந்தபோது பக்கத்து ஊரான டட்லியின் கடைத்தெருவிலிருந்து பெயர் பெற்ற பெரிய கடைகள் அங்கே குடிபோயின. இப்படி நங்கூரம் போன தெருவில் நடந்து பாருங்கள். பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு உள்ளே தரையில் பிரிக்காத தபால் குவிந்திருக்கும். பெயர்ப்பலகையைக் கழற்றிய சுவரில் எழுத்துகளின் வடிவம் மட்டும் அழுக்குப் படியாமல் தெரியும். அடுத்த கடை திறந்துதான் இருக்கும். கடைக்காரர் வாசலில் வந்து நிற்பார். பெரிய கடையை வாடகை குறைத்துத் தக்கவைப்பது அவருக்கும் லாபம்தான். ஆனால் அந்தக் கட்டடம் வேறொருவருடையது. பக்கத்துக் கடைக்காக அந்த உரிமையாளர் ஏன் நஷ்டப்பட வேண்டும்?

1996-ல் பிரிட்டன் அரசு விதியை இறுக்கியது. புதுக் கடைக்கு முதலில் ஊர் மையத்தில் இடம் தேடு, இல்லையென்றால் மையத்தின் ஓரத்தில், அதுவும் இல்லையென்றால்தான் வெளியே. ஆனால் அதற்கு முன்பே அனுமதி வாங்கிய மால்கள் அதன் பிறகும் திறந்துகொண்டுதான் இருந்தன.

இணைய வியாபாரம் வந்ததும் அடி இரண்டு பக்கமும் விழுந்தது. மெட்ரோசென்டர், மெரி ஹில் போன்ற மால்களை வைத்திருந்த இன்டூ நிறுவனம் 2020-ல் திவாலானது. பல மால்களில் ஆங்கராக நின்ற டெபனம்ஸ் 2021-ல் தன் கடைகளை எல்லாம் மூடியது. இங்கேதான் ஒரு வித்தியாசம். மாலில் கடை எடுப்பவர்கள் சிலர் குத்தகைப் பத்திரத்தில் முன்கூட்டியே ஒரு வரி எழுதி வாங்கிவிடுவார்கள்: ஆங்கர் மூடினால் என் வாடகை குறைய வேண்டும் என்று. தெருவில் வாசலில் நின்றாரே, அந்தக் கடைக்காரருக்கு அப்படி எழுதிக் கொடுக்க யாரும் இருந்ததில்லை.

நன்றி, வணக்கம்.