குடும்பத்துக்கு ஆஃப்ரோடு கேம்பர் டிரெய்லர்: மெத்தைக்கு முன் எடைத் தகட்டைப் பாருங்கள்

[திரையில்: விற்பனை மைதானத்தில் விரித்து வைக்கப்பட்ட கேம்பர் டிரெய்லர்கள்]

வணக்கம். ஆஃப்ரோடு கேம்பர் டிரெய்லர் என்பது காரின் பின்னால் கரடுமுரடான பாதையிலும் இழுத்துச் சென்று, போன இடத்தில் விரித்துத் தங்கும் வண்டி. ஆஸ்திரேலியாவில் அதை வாங்கப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் படுக்கையில் உட்கார்ந்து பார்க்கின்றன. பிள்ளைகள் மெத்தைமேல் குதிக்கிறார்கள். பிறகு சமையல் மேடையை வெளியே இழுத்து, அடுப்பைத் தொட்டுப் பார்த்து, ஃபிரிட்ஜ் எத்தனை லிட்டர் என்று கேட்கிறார்கள். சட்டத்தில் பதித்திருக்கும் சிறிய உலோகத் தகட்டைக் குனிந்து வாசிப்பவர்கள் குறைவு. நாம் அங்கிருந்து தொடங்குவோம். அந்தத் தகட்டின் எண்கள் உங்கள் காருக்கும் குடும்பத்துக்கும் பொருந்தவில்லை என்றால், மற்ற வசதிகளைப் பார்த்து மயங்குவதில் பயனில்லை.

[திரையில்: எடைத் தகடு, நெருக்கத்தில்]

இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று டேர் எடை: தண்ணீரும் சாமானும் ஏற்றாத வெற்று டிரெய்லரின் எடை. மற்றொன்று ஏ.டி.எம்.: முழுச் சுமையோடு அந்த டிரெய்லர் எட்டலாம் என்று தயாரிப்பாளர் குறித்த உச்ச எடை. ஏ.டி.எம்.மிலிருந்து டேரைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டேர் 1,650 கிலோ, ஏ.டி.எம். 2,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சுமைக்கு 550 கிலோ இருக்கிறது. தாராளமாகத் தெரிகிறது அல்லவா? இப்போது ஏற்றுங்கள். தண்ணீர் 120 லிட்டர் என்றால் 120 கிலோ. எரிவாயு நிரம்பிய இரண்டு சிலிண்டர்கள் 36. கேன்களில் கூடுதல் டீசல் 40. உணவு நிரம்பிய ஃபிரிட்ஜ் 60. பக்கவாட்டில் கட்டும் கூடாரத் துணியும் கம்பிகளும் 45. பாத்திரங்கள் 30, போர்வை தலையணை 30, நாற்காலி மேசை 25, நால்வரின் துணிமணி 50, பிள்ளைகளின் சைக்கிள்கள் 25, கருவிகளும் உதிரிப் பாகங்களும் 30. கூட்டினால் 491 கிலோ. மிச்சம் 59 கிலோ மட்டுமே. வழியில் ஒரு மூட்டை விறகு வாங்கினாலும் யோசித்துத்தான் ஏற்ற வேண்டும்.

இதே அளவுள்ள, விலை குறைந்த சில டிரெய்லர்களில் சுமைக்கு 300 கிலோதான் விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஒன்றில் இந்தக் குடும்பம் வீட்டு வாசலைத் தாண்டும்போதே வரம்பை மீறிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். வாங்கும்போது கூடுதலாகப் பொருத்தித் தரும் இரண்டாவது பேட்டரி, கருவிப் பெட்டி, சோலார் தகடு போன்றவை தகட்டில் உள்ள டேர் எடையில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், எல்லாம் பொருத்திய பிறகு டேர் எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

[திரையில்: காரின் பின்பகுதி, இணைப்புக் கொக்கி]

இனி கார். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுவைத் திறன். அது ஓர் உச்சவரம்பு மட்டுமே. அந்தக் கார் முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு அதே எடையை இழுக்க முடியுமா என்பது தனிக் கேள்வி. டிரெய்லரின் முன்மூக்கு காரின் கொக்கியை அழுத்துகிறது அல்லவா, அதற்கு டோபால் எடை என்று பெயர். டிரெய்லர் எடையில் ஏறத்தாழ பத்து சதவீதம் இருப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டுதல். மிகக் குறைந்தால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் பாம்பாட்டம் போடும். மிக அதிகமானால் காரின் முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பலவீனப்படும்.

அந்த டோபால் எடை காரின் சுமைக் கணக்கில்தான் சேர்கிறது. பலர் தவறவிடுவது இதைத்தான். காரின் ஜி.வி.எம்., அதாவது காருக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, 3,000 கிலோ. வெறும் கார் 2,300 கிலோ என்று கொள்வோம். மீதி 700. பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் 200 கிலோ. முன்பக்கப் பாதுகாப்புக் கம்பி 70. கூரைச் சட்டம் 30. பின்பக்க இழுப்பறைகளும் அவற்றில் உள்ளவையும் 120. டோபால் 180. ஆக 600 கிலோ போய்விட்டது. பைகள், குடிநீர், வண்டி சிக்கினால் மீட்கும் கருவிகள் எல்லாம் மீதி 100 கிலோவுக்குள் அடங்க வேண்டும். இதற்கும் மேல் ஜி.சி.எம். என்று ஒன்று உண்டு: காரும் டிரெய்லரும் சேர்ந்து தாண்டக்கூடாத எடை. ஏ.டி.எம்., ஜி.வி.எம்., ஜி.சி.எம். ஆகிய மூன்று வரம்புகளையும் ஒரே நேரத்தில் பின்பற்ற வேண்டும். ஒன்றில் இடமிருக்கிறது என்பதற்காக மற்றொன்றை மீற முடியாது.

பிரேக் விதியும் எடையோடு ஒட்டியதுதான். டிரெய்லரின் சொந்தச் சக்கரங்கள் தாங்கும் எடைக்கு ஜி.டி.எம். என்று பெயர். ஆஸ்திரேலியாவில் அது 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். அதோடு, டிரெய்லர் காரிலிருந்து கழன்றுவிட்டால் தானாகப் பிடித்துக்கொள்ளும் பிரேக் அமைப்பும் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 2,200-லிருந்து டோபால் 180-ஐக் கழித்தால் 2,020. வெறும் 20 கிலோவால் அந்த எல்லைக்கு அப்பால் போய்விட்டோம். ஆகவே அந்த அமைப்பு பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

[திரையில்: கிப் ரிவர் சாலை, பின்னால் எழும் புழுதி]

ஆஃப்ரோடு என்ற சொல் டிரெய்லர்களின் பக்கவாட்டில் பெரிதாக ஒட்டப்பட்டிருக்கும். அதை நம்புவதற்கு முன் உத்தரவாதப் பத்திரத்தை வாசியுங்கள். சரளைச் சாலை வரை மட்டும் என்று உள்ளே எழுதியிருக்கலாம். நீங்கள் போகப் போவது எங்கே? மேற்கு ஆஸ்திரேலியாவில் டெர்பியிலிருந்து கனனாரா பக்கம் வரை ஏறத்தாழ 660 கிலோமீட்டர் நீளும் கிப் ரிவர் சாலையா? தெற்கு ஆஸ்திரேலியாவில் மரீயிலிருந்து மார்லா வரை செல்லும் ஊட்னடாட்டா தடமா? குயின்ஸ்லாந்தின் கேகாரி தீவு மணலா? அல்லது, பெரும்பாலான குடும்பங்களைப் போல, தேசியப் பூங்காவின் கடைசிப் பத்து கிலோமீட்டர் சரளைப் பாதையா? கடைசி வகைதான் என்றால் ஆஃப்ரோடு டிரெய்லரின் கூடுதல் எடையையும் விலையையும் நீங்கள் சுமக்கத் தேவையில்லை. இதை நேர்மையாக முடிவு செய்தாலே பெருந்தொகை மிச்சமாகும்.

நீண்ட செம்மண் சாலைகளில் டிரெய்லரை உடைப்பது பெரும்பாலும் பாறையோ ஆறோ அல்ல. வேகமாக ஓடும் சக்கரங்கள் காய்ந்த சாலையில் உண்டாக்கும் வரிவரியான சிறு மேடுகள்தான். மணிக்கணக்கில் ஒவ்வொரு நொடியும் பல முறை அந்த அதிர்ச்சி டிரெய்லருக்குள் இறங்குகிறது. போல்ட்டுகள் தளர்கின்றன, கம்பிகள் உரசி உறை தேய்கின்றன, ஷாக் அப்சார்பர்கள் சூடேறிச் செயலிழக்கின்றன, ஃபிரிட்ஜ் வைக்கும் தட்டு விரிசல் விடுகிறது. ஆகவே கடையில் டிரெய்லரின் அடியில் படுத்துப் பாருங்கள். வெல்டிங் சீராக இருக்கிறதா? மின்கம்பிகள் குழாய்க்குள் பாதுகாப்பாகப் போகின்றனவா? தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தகடு உண்டா? தொட்டியின் குழாய் கல்லடிக்கு எதிரே நீட்டிக்கொண்டிருக்கிறதா? ஒரே பெரிய தொட்டியைவிட, தனித்தனியே அடைக்கக்கூடிய இரண்டு தொட்டிகளை நான் விரும்புவேன். ஒன்று உடைந்தாலும் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கும்.

சஸ்பென்ஷனில் இரண்டு வழிகள். லீஃப் ஸ்பிரிங் எளியது, விலை குறைந்தது, தொலைதூர ஊரின் பட்டறையிலும் சரிசெய்ய வாய்ப்புள்ளது. ஒவ்வொரு சக்கரமும் தனியே இயங்கும் காயில் ஸ்பிரிங் அமைப்பு உள்ளிருக்கும் சாமானை மென்மையாக எடுத்துச் செல்லும். ஆனால் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களும் சக்கரங்களின் அலைன்மென்ட்டும் அடிக்கடி கவனம் கேட்கும். நீண்ட சரளைச் சாலைகளே திட்டம் என்றால் இரண்டாவதற்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல. எதுவானாலும் டிரெய்லரின் சக்கரமும் காரின் சக்கரமும் ஒரே அளவாக, ஒரே போல்ட் அமைப்பில் இருந்தால் உதிரிச் சக்கரங்களை இரண்டுக்கும் மாற்றிப் பயன்படுத்தலாம்.

இணைப்புக் கொக்கியில் சிக்கனம் வேண்டாம். வழக்கமான 50 மில்லிமீட்டர் உருண்டை தார்ச்சாலைக்குப் போதும். ஓடைக் கரையில் கார் ஒருபக்கம் சாய, டிரெய்லர் மறுபக்கம் சாயும் இடத்தில், எல்லாத் திசைகளிலும் திரும்பக்கூடிய டி.ஓ.35 போன்ற இணைப்புதான் பாதுகாப்பு. கூடவே முன்சட்டத்தில் கல்தடுப்புத் துணியும் வேண்டும். காரின் பின்சக்கரம் எறியும் கல் டிரெய்லரின் முகத்தில் மோதித் திரும்பி வந்து காரின் பின்கண்ணாடியை உடைப்பது இந்தச் சாலைகளில் நன்கு தெரிந்த விபத்து.

[திரையில்: மழையில் கூடாரத்தை விரிக்கும் குடும்பம்]

இப்போதுதான் படுக்கைக்கு வருகிறோம். துணித்தரை வகை இலேசானது, விலை குறைந்தது, விரித்தால் இடம் அதிகம். ஆனால் ஆணியடித்து இழுத்துக் கட்ட நேரமாகும். பின்பக்கம் மடியும் கடினத்தரை வகையில் வேலை குறையும். முன்பக்கம் மடிந்து விரியும் ஃபார்வர்டு ஃபோல்டு வகைதான் இன்று குடும்பங்களிடையே பிரபலம்: பெற்றோருக்குப் பெரிய படுக்கை, உள்ளே வளைந்த சோபா, இரவில் அதுவே பிள்ளைகளின் படுக்கை. மழை பெய்தால் நால்வரும் உட்கார்ந்து சாப்பிட இடமிருக்கிறது. கேம்பருக்கும் கேரவனுக்கும் இடைப்பட்ட, கடினச் சுவருள்ள ஹைபிரிட் வகை சில நிமிடங்களில் தயாராகிவிடும். நால்வர் படுக்கும் ஹைபிரிட் எடையிலும் விலையிலும் மிக உயரும்.

கடைக்காரர் விரித்துக் காட்டுவதை நம்பித் தீர்மானிக்காதீர்கள். அவருக்கு அது அன்றாடப் பழக்கம். அவரை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, கணவனும் மனைவியும் நீங்களே விரித்து, நீங்களே மடியுங்கள். மடிப்பதுதான் கடினம்: துணியை உள்ளே திணித்து, கொக்கிகளை எட்டிப் பூட்ட வேண்டும். ஒருவர் குழந்தையை வைத்துக்கொள்ள, மற்றவர் மட்டும் செய்ய முடிகிறதா என்றும் பாருங்கள். இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழும் பிள்ளை எந்த வழியாக இறங்கும்? பெற்றோரை மிதித்துக்கொண்டா? மதியம் சாலையோரம் நிற்கும்போது, கூடாரத்தை விரிக்காமலே ஃபிரிட்ஜையும் ரொட்டியையும் எடுக்க முடியுமா? மூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்கும் சோபாப் படுக்கை பன்னிரண்டு வயதில் காலுக்கு எட்டாது. அப்போது வெளியே தனிக்கூடாரம் போட்டுக்கொள்ளலாம் என்று இப்போதே எண்ணிக்கொள்வது நல்லது.

கான்வாஸ் துணிக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வாங்கியதும் வீட்டு முற்றத்தில் விரித்து, நன்றாக நனைத்து, முழுதாகக் காயவிடுங்கள். நூல் உப்பித் தையல் துளைகள் அடைபடும். இதை இரண்டு மூன்று முறை செய்த பிறகே பயணம். மழையில் ஈரத்தோடு மடிக்க நேர்ந்தால் ஓரிரு நாளுக்குள் விரித்து உலர்த்துங்கள்; பூஞ்சை பிடித்தால் அதன் கறை போகாது.

[திரையில்: வெளியே இழுக்கும் சமையல் மேடை]

சமையல் திறந்த வெளியில்தான். நம் வீடுகளின் தாளிப்புக்கு இது வசதியே: புகையும் நெடியும் படுக்கைத் துணியில் ஏறாது. உங்கள் குக்கரையும் தோசைக்கல்லையும் கடைக்கே எடுத்துச் சென்று அடுப்பில் வைத்துப் பாருங்கள். பல டிரெய்லர்களின் பர்னர்கள் நெருக்கமாக இருக்கும். ஐந்து லிட்டர் குக்கரை வைத்தால் பக்கத்து பர்னர் பயன்படாது. காற்றுத்தடுப்பு உறுதியாக இல்லாவிட்டால் எரிவாயு வீணாகும். வட ஆட்புலத்திலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைபவர்கள் கனனாரா அருகே உள்ள தாவரத் தடுப்புச் சோதனையில் பழம், காய்கறி, தேன் போன்றவற்றைக் கொடுத்துவிட நேரிடும். ஃபிரிட்ஜை நிரப்பும்போது இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மின்சாரத்தில் ஒரே ஒரு விஷயத்தை வலியுறுத்துகிறேன். புதிய கார்கள் பலவற்றில், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தன் மின்னழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நேரடியாகக் கம்பி இழுத்தால் டிரெய்லர் பேட்டரி முழுதாக நிரம்பாமல் போகலாம். இடையில், மின்னழுத்தத்தைச் சரியான அளவுக்கு மாற்றித் தரும் டி.சி.-டி.சி. சார்ஜர் இருக்கிறதா என்று கேளுங்கள். லித்தியம் பேட்டரி விலை கூடியது. ஆனால் அதே கொள்ளளவுள்ள, பழைய ஈய-அமில வகையான ஏ.ஜி.எம். பேட்டரியின் எடையில் பாதிக்கும் குறைவு. சுமைக் கணக்கில் 59 கிலோ மட்டும் மிஞ்சியிருக்கும் குடும்பத்துக்கு அது முக்கியம்.

[திரையில்: பொது எடைமேடையில் காரும் டிரெய்லரும்]

முடிந்தால் வாங்கும் முன் அதே வகை டிரெய்லரை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். பழையதை வாங்குவதானால் அடிச்சட்டத்தில் விரிசல், துணியில் பூஞ்சை வாசம், டயரின் உற்பத்தித் தேதி, சக்கர பேரிங்கின் தளர்ச்சி ஆகியவற்றைப் பாருங்கள். தகட்டில் உள்ள எண்கள் பதிவுப் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லாவற்றையும் ஏற்றி, தொட்டியை நிரப்பி, குடும்பத்தோடு காரில் ஏறி, பொது எடைமேடைக்குச் செல்லுங்கள். முதலில் காரும் டிரெய்லரும் சேர்ந்து. அடுத்து, கொக்கியில் மாட்டியபடியே டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும். பிறகு டிரெய்லரைக் கழற்றி அதை மட்டும். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் உண்மையான டோபால் எடை. அந்தச் சீட்டைக் காரின் கையேட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வரம்பு மீறியிருந்தால் எதை இறக்குவது என்று வீட்டு வாசலிலேயே முடிவு செய்யலாம். நான் முதலில் இறக்குவது சைக்கிள்களையும் கூடுதல் டீசல் கேன்களில் ஒன்றையும்தான், தண்ணீரை ஒருபோதும் அல்ல.