அரைப்புள்ளி போய் காற்புள்ளி வந்த கதை

திரையில்: ஜார்ஜ் டவுன், காலை நேரம். கடைத்தெருவில் மாலை கட்டும் கை. அடுத்த காட்சியில் தே தாரேக் ஆற்றும் கை.

வணக்கம். இந்த வீடியோ ஒரு தே தாரேக் கடையில ஆரம்பிச்சது.

2025 மார்ச். பினாங்கு கடைத்தெருவுல நான் வழக்கமா உட்காருற கடை. டிவியில பிலிப்பைன்ஸ் முன்னாள் அதிபர் டுடெர்தேவை மணிலா விமான நிலையத்துல பிடிச்சு, தி ஹேக் நகரத்துல இருக்குற அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்புற செய்தி ஓடுது. எதிர்ல எங்க மாமா. துறைமுகத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், செய்தின்னா விட மாட்டார்.

"தம்பி, நீதானே சட்டம் படிச்சவன். போதைப்பொருள் ஆளுங்களைச் சுட்டுத் தள்ளச் சொன்னாருன்னு கேஸ். சரி. ஆனா அங்க சண்டையே நடக்கலையே? போர்க்குற்றக் கோர்ட்டுக்கு இது எப்படிப் போச்சு?"

நான் சொன்னேன், அந்தக் கோர்ட் போர்க்குற்றத்தை மட்டும் விசாரிக்கிறது இல்ல மாமா, மனித குலத்துக்கு எதிரான குற்றத்தையும் விசாரிக்கும், அதுக்குப் போர் நடந்திருக்கணும்னு அவசியம் இல்லன்னு.

"அவசியம் இல்லன்னு யாரு முடிவு பண்ணா?"

என் தே ஆறிப் போனது அந்த இடத்துலதான். ஏன்னா அதை யாரும் ஒரு நாள்ல உட்கார்ந்து முடிவு பண்ணல. 50 வருஷத்துக்கு மேல ஆச்சு. கதை ஒரு நிறுத்தக்குறியில ஆரம்பிக்குது.

திரையில்: லண்டன், 1945. தட்டச்சு செய்த தாள். ஒரு அரைப்புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

1945 ஆகஸ்ட் 8. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் நாலும் லண்டன்ல ஒரு சாசனத்துல கையெழுத்துப் போடுறாங்க. நாஜித் தலைவர்களை நியூரம்பெர்க்ல விசாரிக்க. அதுல மூணு வகைக் குற்றம். ஆக்கிரமிப்புப் போரைத் தொடங்கினது ஒண்ணு. போர்க்குற்றம் ரெண்டாவது. மூணாவது புதுசு, மனித குலத்துக்கு எதிரான குற்றம்.

அந்த மூணாவது எதுக்கு? பழைய போர்ச் சட்டம் எதிரி நாட்டுக் கைதிகளையும், பிடிச்ச ஊர் மக்களையும் காப்பாத்துறதுக்கு எழுதினது. ஜெர்மனி தன் சொந்தக் குடிமக்களான யூதர்களைக் கொன்னா, அது அந்தச் சட்டத்துக்குள்ள வராது. என் வீட்டுக்குள்ள நான் என்ன செஞ்சா உனக்கென்னன்னு ஒரு நாடு கேட்டா, அதுவரைக்கும் எவன்கிட்டயும் பதில் இல்ல.

இப்போ அந்தப் பிரிவைப் பாருங்க. முதல் பாதியில கொலை, அழித்தொழிப்பு, அடிமைப்படுத்தல், நாடுகடத்தல். ரெண்டாவது பாதியில இன, மத, அரசியல் காரணத்துக்காகச் செய்யுற கொடுமை. கடைசியில, மத்த குற்றங்களோட, அதாவது போரோட, தொடர்பு இருக்கணும்னு ஒரு நிபந்தனை. ஆங்கிலத்துலயும் பிரெஞ்சுலயும் ரெண்டு பாதிக்கும் நடுவுல அரைப்புள்ளி. ரஷ்ய மொழிப் பிரதியில காற்புள்ளி.

அரைப்புள்ளி இருந்தா, நிபந்தனை ரெண்டாவது பாதியை மட்டும்தான் கட்டும். கொலையும் அடிமைப்படுத்தலும் போர் இல்லாட்டியும் குற்றம்தான். காற்புள்ளியா இருந்தா, நிபந்தனை மொத்தத்தையும் கட்டிடும்.

1945 அக்டோபர் 6. நாலு நாடும் திரும்பக் கூடி, இதுக்குன்னே தனியா ஒரு ஒப்பந்தம் எழுதி, காற்புள்ளிதான் சரின்னு சொல்லிட்டாங்க. ஒரு நிறுத்தக்குறிக்கு நாலு வல்லரசு கையெழுத்து! தமிழ் வாத்தியார்கிட்ட நிறுத்தக்குறிக்கு அடி வாங்கினவங்க இப்பவாவது அவரை மன்னிச்சிடுங்க.

விளைவு என்ன? 1939க்கு முன்னாடி ஜெர்மனிக்குள்ள யூதர்களுக்கு நடந்தது கொடூரம்தான்னு நீதிபதிகளே தீர்ப்புல எழுதினாங்க. ஆனா போரோட தொடர்பு நிரூபணம் ஆகலன்னு, அதை மனித குலத்துக்கு எதிரான குற்றமாத் தீர்ப்புச் சொல்லாம விட்டுட்டாங்க.

வல்லரசுகளுக்குக் காற்புள்ளி ஏன் வசதியா இருந்துச்சு? என் கணிப்பைச் சொல்றேன். அந்த நேரத்துல அமெரிக்காவுல கறுப்பினத்தவங்க நிலைமை, சோவியத் முகாம்கள், பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கீழ இருந்த காலனிகள், மலாயா உட்பட. வீட்டுக்குள்ள நடக்குறதைக் கேட்கலாம்னு எழுதினா, நாளைக்கு அவங்கவங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க.

அதுக்காக நியூரம்பெர்க்கைக் குறைச்சுச் சொல்ல முடியாது. நாடு செஞ்சது, நான் வெறும் அதிகாரின்னு தப்பிக்க முடியாது. மேலிடத்து உத்தரவுன்னு சொன்னா தண்டனை குறையலாம், குற்றம் போகாது. 22 பேருக்குத் தீர்ப்பு, 12 பேருக்குத் தூக்கு, 3 பேர் விடுதலை. மூணு பேரை விட்டாங்க பாருங்க, அதனாலதான் அதைக் கோர்ட்டுன்னு சொல்ல முடியுது.

திரையில்: ரப்பர் தோட்டத்து லயம், பழைய கறுப்பு வெள்ளைப் படம்.

நம்ம பக்கம் என்ன நடந்துச்சு? 1946-ல இதே பினாங்குல, கெம்பெய்தாய், அதாவது ஜப்பான் ராணுவப் போலீஸ் ஆளுங்களைப் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரிச்சுது. சிங்கப்பூர்ல சயாம் மரண ரயில் வழக்குகளும் நடந்துச்சு. போர்க்காலத்துல ஜப்பான் ராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல போட வச்ச 415 கிலோமீட்டர் பாதை அது. 60,000க்கு மேல போர்க்கைதிகள் வேலை செஞ்சாங்க, அதுல 12,000 பேருக்கு மேல செத்தாங்க. ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு, செத்ததும் பல மடங்கு. மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்குல.

பொதுமக்களை அடிமை வேலைக்குக் கொண்டு போறது குற்றம்னு லண்டன் சாசனத்துலயே இருந்துச்சு. ஆனா ரயில் வழக்குகள்ல பெரும்பாலும் கேட்டது வெள்ளைக்காரக் கைதிகளோட சாட்சி. அவங்ககிட்ட டைரி இருந்துச்சு, ராணுவப் பதிவு எண் இருந்துச்சு. நம்ம ஆளுங்களைப் பத்தி வந்த வழக்குகள் கொஞ்சம்தான். மாமாவோட பெரியப்பா கெடாத் தோட்டத்துல இருந்து சயாமுக்குப் போய்த் திரும்பி வந்தவர். அவரைப் பத்திக் கடைசியில வர்றேன்.

திரையில்: தி ஹேக், 1990கள்.

அதுக்கப்புறம் ஏறக்குறைய 45 வருஷம் இந்த மாதிரி குற்றங்களுக்கு அனைத்துலகக் குற்றவியல் கோர்ட்டே கிடையாது. பனிப்போர். 1993-ல யூகோஸ்லாவியா சிதறினப்போதான் ஐநா பாதுகாப்பு மன்றம் தி ஹேக்ல ஒரு தீர்ப்பாயம் அமைச்சுது.

முதல் வழக்கு டூஷான் தாடிச். பெரிய தளபதி எல்லாம் இல்ல. போஸ்னியாவுல கோஸாரட்ஸ்னு ஒரு சின்ன ஊர்ல காப்பிக்கடை வச்சிருந்தவன். அவன் வக்கீல்கள், இந்தக் கோர்ட்டே சட்டப்படி செல்லாது, உள்நாட்டுச் சண்டையில போர்க்குற்றம்னே ஒண்ணு கிடையாதுன்னு வாதாடினாங்க. 1995 அக்டோபர் 2, மேல்முறையீட்டு அமர்வு ரெண்டையும் தள்ளிடுச்சு. நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்குற போர்ல மனிதத்தன்மை இல்லாதது, உள்நாட்டுச் சண்டையில மட்டும் எப்படிச் சரியாகும்னு கேட்டாங்க. அதே தீர்ப்புல இன்னொண்ணும் சொன்னாங்க. மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்குப் போரோட தொடர்பு வேணும்ங்கிறது வழக்காற்றுச் சட்டத்துல, அதாவது நாடுகள் நடைமுறையில ஏத்துக்கிட்ட சட்டத்துல, இப்போ இல்லைன்னு.

காற்புள்ளி அவிழ்ந்தது அங்கதான். ஐம்பது வருஷம் கழிச்சு, ஒரு காப்பிக்கடைக்காரன் வழக்குல.

தாடிச்சை அடுத்து விசாரிச்ச மூணு நீதிபதிகள்ல ஒருத்தர் மலேசியர். லால் சந்த் வோரா. நம்ம ஊர்ல நிறைய பேருக்குத் தெரியாத பேரு.

அவர் எழுதினதுல எனக்கு அதிகம் உறுத்துறது எர்டெமோவிச் வழக்கு. போஸ்னியாவுல ஸ்ரெப்ரெனிட்சா, 1995 ஜூலை. பேருந்துல கொண்டு வந்த ஆம்பளைங்களையும் பையன்களையும் ஒரு பண்ணையில வரிசையா நிறுத்திச் சுடச் சொல்றாங்க. எர்டெமோவிச்சுக்கு வயசு 23. மாட்டேன்னு சொல்றான். அப்படின்னா நீயும் போய் அந்த வரிசையில நில்லுன்னு சொல்றாங்க. சுடுறான். எழுபது பேர் வரைக்கும் இருக்கலாம்னு அவனே கோர்ட்டுல அழுதுக்கிட்டே சொன்னான்.

அவன் சாகுறதால அந்த எழுபது பேர்ல ஒருத்தரும் பிழைக்கப் போறது இல்ல. துப்பாக்கி பக்கத்து ஆள் கைக்குப் போகும், அவ்வளவுதான். அப்போ உயிர்பயத்துல செஞ்சேன்னு சொன்னா விடுதலை பண்ணலாமா?

1997 அக்டோபர். அஞ்சு நீதிபதிகள்ல மூணு பேர் முடியாதுன்னாங்க. அந்தப் பக்கத்து வாதத்தை விரிவா எழுதினது வோராவும் அமெரிக்க நீதிபதி மெக்டொனால்டும். அப்பாவிகளைக் கொன்ன குற்றத்துக்கு மிரட்டல் முழு விலக்கு ஆகாது, தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். கடைசியில அவனுக்கு அஞ்சு வருஷம். நம்ம மலேசியக் குற்றவியல் சட்டம் 94-வது பிரிவைப் புரட்டினா அதே வாசனை அடிக்கும், மிரட்டலுக்குப் பயந்து செஞ்ச பல குற்றத்துக்கு மன்னிப்பு உண்டு, கொலைக்கு இல்ல. நம்ம கோர்ட்டுகள்ல பழகின கண்ணோட அவர் அந்த வழக்கைப் பார்த்திருப்பார்னுதான் எனக்குத் தோணுது.

ஆனா சட்டம் அங்க நிக்கல. அடுத்த வருஷம் ரோம் சாசனம், அதாவது அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைக்குற சாசனம், எழுதினவங்க, தவிர்க்க நினைச்ச தீங்கை விடப் பெரிய தீங்கை நோக்கமா வைக்காதவன் உயிர்பயத்துல செஞ்சிருந்தா விடுவிக்கலாம்னு கதவைத் திறந்து வச்சுட்டாங்க. தீர்ப்பாயம் ஒரு பக்கம் இழுக்குது, சாசனம் எழுதுறவங்க இன்னொரு பக்கம் இழுக்குறாங்க. எது சரின்னு என்னைக் கேட்டா, ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் மனசு மாறுது.

திரையில்: ஆப்பிரிக்க வரைபடம். ருவாண்டா, பக்கத்தில் தான்சானியா.

1994, ருவாண்டாவுல டுட்ஸி இன மக்களைக் கூட்டம் கூட்டமாக் கொன்னாங்க. அதுக்கான தீர்ப்பாயம் தான்சானியாவுல அருஷா நகரத்துல. தாபாங்கிற ஊர் மேயர் அகாயேசு மேல வழக்கு. முதல்ல போட்ட குற்றப்பத்திரிகையில பாலியல் வன்முறை பத்தி ஒரு வரி கூட இல்ல.

விசாரணையில ஒரு தாய் வேற எதையோ பத்திச் சாட்சி சொல்லிட்டு இருக்கும்போது, தன் ஆறு வயசு மகளுக்கு நடந்ததைச் சொல்றாங்க. நீதிபதிகள் அதைக் கடந்து போயிருக்கலாம். குற்றப்பத்திரிகையில இல்லாததுதானே! போகல. மேல கேட்டாங்க. அடுத்தடுத்து வந்த சாட்சிகளும் சொன்னாங்க. 1997 ஜூன்ல குற்றப்பத்திரிகையைத் திருத்தினாங்க.

அந்த அமர்வுல மூணு நீதிபதிகள். தீர்ப்பாயம் மொத்தத்துக்கும் அப்போ ஒரே பெண் நீதிபதி அதுல இருந்தாங்க. நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்கா டர்பன்ல பிறந்த தமிழ்ப் பெண், அப்பா பேருந்து ஓட்டுநர். நம்ம ஆளுங்களை ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டு வந்த மாதிரி, கரும்புத் தோட்டத்துக்குத் தமிழர்களைக் கப்பல்ல கொண்டு போன ஊரு அது.

1998 செப்டம்பர் 2. இனப்படுகொலைக் குற்றத்துக்கு அனைத்துலகக் கோர்ட் ஒண்ணு கொடுத்த முதல் தண்டனைத் தீர்ப்பு. இனப்படுகொலை ஒப்பந்தம் வந்தது 1948-ல, 50 வருஷமா அது தாள்லதான் இருந்துச்சு. ஒரு இனத்தை அழிக்கிற நோக்கத்தோட செய்யுற வன்புணர்வும் இனப்படுகொலைதான்னு அந்தத் தீர்ப்பு சொல்லிச்சு. அதுவரைக்கும் அதைப் போர்ல கூடவே நடக்குற ஒண்ணுன்னு ஒதுக்கிட்டுப் போனாங்க.

திரையில்: ரோம், 1998. பின் கோலாலம்பூர், 2019.

இதெல்லாம் சேர்ந்து வந்து நின்னது ரோம் சாசனத்துல. 2002 ஜூலை 1 முதல் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் நிரந்தரம். அதோட 7-வது பிரிவுல, மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்குப் போர் வேணும்னு ஒரு சொல் இல்ல. மாமா கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். பிலிப்பைன்ஸ் 2019 மார்ச்சுல வெளியேறிடுச்சு. ஆனா உறுப்பு நாடா இருந்த காலத்துல நடந்ததுக்குப் பொறுப்பு தொடரும்.

அதே மார்ச்சுல மலேசியா உள்ள போச்சு. 4ஆம் தேதி சேர்ந்தோம். பதவி எதுவானாலும் விலக்கு இல்லன்னு சாசனம் சொல்லுதே, படைகளுக்குத் தலைவரான மாமன்னர் நிலைமை என்னன்னு பெரிய சர்ச்சை. ஏப்ரல் 29-ல விலகிட்டோம். சாசனம் நமக்கு அமலுக்கு வர்றதுக்கு முன்னாடியே.

"அப்போ பெரிய நாட்டுக்காரனை?" இது மாமாவோட அடுத்த கேள்வி. 2011-ல கோலாலம்பூர்லயே ஒரு தீர்ப்பாயம் உட்கார்ந்து, ஈராக் போருக்காக புஷ்ஷும் பிளேரும் குற்றவாளின்னு சொல்லிச்சு. மகாதீர் முயற்சியில வந்தது. எந்த நாடும் அதிகாரம் கொடுக்காத தீர்ப்பாயம், போலீஸ் கிடையாது, சிறை கிடையாது.

இன்னொண்ணு நமக்கு வலிக்கிறது. எம்எச்17, 2014-ல கிழக்கு உக்ரைன் மேல சுட்டு வீழ்த்தின மலேசிய விமானம். 298 உயிர், அதுல 43 மலேசியர்கள். 2015 ஜூலை 29, தனித் தீர்ப்பாயம் வேணும்னு மலேசியா கொண்டு போன தீர்மானத்துக்குப் பாதுகாப்பு மன்றத்துல 11 நாடு ஆதரவு, 3 நாடு ஒதுங்கல், ரஷ்யா ரத்து அதிகாரத்தைப் போட்டுது. கடைசியில டச்சுக் கோர்ட் ஒண்ணு, சொந்த நாட்டுக் கொலைச் சட்டத்தை வச்சு, 2022-ல மூணு பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்துச்சு. ஆள் இல்லாமலே.

திரையில்: மறுபடியும் கடைத்தெரு. மேசையில் இரண்டு காலிக் குவளைகள்.

இந்த வீடியோவை வெளியிடுறதுக்கு முன்னாடி மாமாகிட்ட போன்ல காட்டினேன். காற்புள்ளிக்குச் சிரிச்சார். வோரா பேரை ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அருஷா பகுதி வந்ததும் நிறுத்தச் சொல்லி, திரும்பப் போடச் சொன்னார்.

"அந்த அம்மா கேட்டாங்க, அதனால இவங்க சொன்னாங்க. அப்படித்தானே?"

அப்படித்தான் மாமா.

"எங்க பெரியப்பா அந்த ஜப்பான்காரன் பேரு, அவன் நடக்குற நடை, எல்லாம் ஞாபகம் வச்சிருந்தார் தம்பி. சாகுற வரைக்கும் ஒருத்தனும் வந்து கேட்கல."