அல்ஜீரியா: விசாவில் தொடங்கும் பயணம்

நேயர்களுக்கு வணக்கம்.

மொராக்கோவுக்கும் துனிசியாவுக்கும் சுற்றுலா போகிறவர்கள் ஏராளம். அந்த இரண்டுக்கும் நடுவே, இரண்டையும் சேர்த்தாலும் ஏறக்குறைய நான்கு மடங்கு பரப்போடு கிடக்கிறது அல்ஜீரியா. 2011-இல் சூடான் இரண்டாகப் பிரிந்த பிறகு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய நாடு இதுதான்: 23.8 லட்சம் சதுர கிலோமீட்டர். யுனெஸ்கோ பட்டியலில் ஏழு உலகப் பாரம்பரியச் சின்னங்கள் இந்த நாட்டில் உள்ளன. இருந்தும் வெளிநாட்டுப் பயணிகள் குறைவு. 'அங்கேயா? ஆபத்தாச்சே' என்கிறார்கள், அதைத் தாண்டி வருகிறவர்களை விசா நிறுத்திவிடுகிறது. இந்த இரண்டையும் அவிழ்த்துப் பார்ப்பதுதான் இந்த உரை.

ஆபத்து என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 1992 ஜனவரியில் பொதுத்தேர்தல் பாதியில் ரத்தானது. அதைத் தொடர்ந்த பத்தாண்டு உள்நாட்டுப் போரில் ஏராளமான பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். 2003-இல் சகாராவில் 32 ஐரோப்பியப் பயணிகள் கடத்தப்பட்டார்கள். 2013 ஜனவரியில் இன் அமெனாஸ் எரிவாயு ஆலை தாக்கப்பட்டது. உலகச் செய்திகளில் அல்ஜீரியா அடிபட்டதெல்லாம் இப்படித்தான். 1999-லும் 2005-லும் வந்த சமரச, பொதுமன்னிப்புச் சட்டங்களுக்குப் பின் ஊர்கள் அமைதிக்குத் திரும்பியது தலைப்புச் செய்தி ஆகவில்லை. இன்று அல்ஜியர்ஸ், ஒரான், கான்ஸ்டன்டைன் போன்ற நகரங்களில் ஒரு பெருநகரத்துக்குரிய சாதாரண எச்சரிக்கை போதும். ஆனால் மாலி, நைஜர், லிபியா, மொரிட்டானியா எல்லைகளை ஒட்டிய பகுதிகள் அப்படியல்ல; 2025 ஜனவரியில் தெற்கே ஒரு ஸ்பெயின் நாட்டுப் பயணி கடத்தப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டார். நாடு முழுவதையும் ஒரே வண்ணத்தில் பூசுவதும் தவறு, எல்லைப் பகுதி அபாயத்தை மறைப்பதும் தவறு.

விசா ஏன் இவ்வளவு கடினம்? எண்ணெயும் எரிவாயுவும் விற்று வாழும் அரசுக்குச் சுற்றுலாப் பணம் அவசரத் தேவையாக இருந்ததில்லை. 1830 முதல் 1962 வரை 132 ஆண்டுகள் பிரெஞ்சு ஆட்சி. அதில் கடைசி ஏழரை ஆண்டுகள் கொடிய விடுதலைப் போர். அதனால் 'நீ என் குடிமக்களிடம் விசா கேட்டால் நானும் உன் குடிமக்களிடம் கேட்பேன்' என்பது அங்கே மரியாதை சார்ந்த கொள்கை. தனியாக அலையும் வெளிநாட்டவருக்கு ஏதாவது நேர்ந்தால் பழி நாட்டின் மேல் விழும் என்ற அச்சமும் உண்டு. இந்தக் காரணங்களை மனத்தில் வைத்துக்கொண்டால், விண்ணப்பத்தில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது புரியும். எங்கே தங்குவீர்கள், யார் பொறுப்பு, எப்போது கிளம்புவீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்குத் தெளிவான பதில் வேண்டும்.

உள்ளே போக இரண்டு வழிகள்.

முதலாவது, தூதரக விசா. நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு புது தில்லித் தூதரகம். வளைகுடாவில் வேலை செய்பவர்களுக்கு அங்கே உள்ள தூதரகம், குடியிருப்பு அனுமதியின் நகலோடு. பயணத்தின் நடுவில் மூன்றாவது நாடொன்றில் போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொதுவாகக் கேட்பவை இவை: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், நிரப்பிய படிவம் இரண்டு பிரதிகள், புகைப்படங்கள், போகவர விமானப் பதிவு, பயணக் காப்பீடு, வேலைச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், தங்குமிடத்துக்கான ஆதாரம். தூதரகத்துக்குத் தூதரகம் இது கொஞ்சம் மாறும் என்பதால், கிளம்புமுன் அந்தந்தத் தூதரகத்தின் இப்போதைய பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இடறல் நேர்வது தங்குமிட ஆதாரத்தில்தான். இணையத்தில் பதிவு செய்து, விசா கிடைத்ததும் ரத்து செய்துகொள்ளலாம் என்று ஒரு காகிதத்தைக் கொடுப்பவர்கள் உண்டு. பதிவு உண்மையா என்று தூதரகம் கேட்டுப் பார்த்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஓட்டலிடமிருந்தே உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகளோடு உறுதிக் கடிதம் வாங்குவது நல்லது. நண்பர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர் எழுதும் சாதாரணக் கடிதம் போதாது. தன் ஊர் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், தங்குமிடச் சான்றிதழில் கையெழுத்திட்டு, முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். விமானத் தேதி, ஓட்டல் தேதி, காப்பீட்டுத் தேதி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒரு நாள் இடைவெளி இருந்தாலும் 'அந்த இரவு எங்கே?' என்ற கேள்வி வரும். தொழில் என்ற இடத்தில் பொய் எழுதாதீர்கள். ஆனால் பத்திரிகை, தொலைக்காட்சி, ஆவணப்படம் சார்ந்தவர் என்றால் சாதாரணச் சுற்றுலா விசா கிடைப்பது கடினம், அதற்குத் தனி அனுமதி இருக்கிறது. பணம் திரும்பாத விமானச் சீட்டை விசாவுக்கு முன் வாங்கவே கூடாது.

இரண்டாவது வழி, 2023 தொடக்கம் முதல் நடைமுறைக்கு வந்தது: தெற்குச் சகாராவுக்குப் போகும் பயணிகளுக்கு விமான நிலையத்திலேயே விசா. பெயரைக் கேட்டு நேராகப் போய் இறங்கிவிட முடியாது. அல்ஜீரிய அரசின் உரிமம் பெற்ற பயண நிறுவனம் ஒன்று உங்கள் பாஸ்போர்ட் நகலையும் நாள்வாரிப் பயணத் திட்டத்தையும் அதிகாரிகளிடம் கொடுத்து, முன்கூட்டியே ஒப்புதல் கடிதம் வாங்க வேண்டும். ஜானெட், தமன்ராசெட், திமிமூன் போன்ற தெற்கு இடங்கள் திட்டத்தில் இருக்க வேண்டும். கடலோர நகரங்களை மட்டும் பார்க்க இந்த வழி கிடையாது. வடக்கையும் பார்க்க ஆசை என்றால், அந்த நாட்களையும் அதே திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். செலவு கூடும். ஆனால் மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் நிறுவனமே பதில் சொல்லிவிடுகிறது.

இந்த வழியில் சிக்கல் வருவது பெரும்பாலும் அல்ஜீரியாவில் அல்ல, நீங்கள் விமானம் ஏறும் ஊரில். விசா ஒட்டாத பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் விமான நிறுவன ஊழியர் ஏற்ற மறுக்கலாம். இந்தத் திட்டம் பற்றி அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்புண்டு. ஒப்புதல் கடிதத்தை அச்செடுத்து இரண்டு பிரதிகள் கையில் வைத்திருங்கள். கைபேசிப் படம் மட்டும் போதாது. கடிதத்தில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா பாருங்கள். தமிழ்ப் பெயர்களில் தந்தை பெயர், தலைப்பெழுத்து இடம் மாறுவது சகஜம். அங்கே அது பெரிய விஷயமாகிவிடும். நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்குச் சில நாள் முன்பே விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கியதும் கட்டணத்தை யூரோ ரொக்கமாகக் கட்ட வேண்டியிருக்கும், காத்திருக்கவும் வேண்டும். அதே மாலை உள்நாட்டு விமானம் பிடிக்கத் திட்டமிட்டால் நல்ல இடைவெளி விடுங்கள்.

வழி பற்றி ஒரு வார்த்தை. தோஹா, துபாய், இஸ்தான்புல் வழியே அல்ஜியர்ஸுக்கு விமானங்கள் உண்டு. பாரிஸ் வழியே போனால், இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விமான நிலையத்துக்குள் மாறிச் செல்லவே ஷெங்கன் இடைவழி விசா வேண்டும். மொராக்கோவிலிருந்து நேரே போக முடியாது: தரை எல்லை 1994 முதல் மூடிக் கிடக்கிறது, 2021-இல் தூதரக உறவும் முறிந்து நேரடி விமானமும் நின்றது. இரண்டு நாட்டையும் ஒரே பயணத்தில் பார்ப்பவர்கள் துனிஸ் அல்லது ஐரோப்பா சுற்றித்தான் வர வேண்டும்.

சுங்கத்தில் மூன்று விஷயங்கள். டிரோன் கொண்டு போகாதீர்கள், பறிமுதல் செய்வார்கள். தொலைநோக்கிக்கும் அதே கதி. பறவை பார்ப்பவர்கள் கவனிக்க. 1,000 யூரோவுக்கு மேல் கையில் இருந்தால் படிவத்தில் எழுதி முத்திரை வாங்குங்கள், திரும்பும்போது அந்தக் காகிதத்தைக் கேட்பார்கள்.

பணம்தான் புதியவர்களை அதிகம் குழப்புவது. அந்த நாட்டு நாணயமான தினார் நாட்டுக்கு வெளியே கிடைக்காது, ரூபாயை அங்கே யாரும் மாற்ற மாட்டார்கள், வெளிநாட்டு அட்டைகள் மிகச் சில இடங்களில்தான் செல்லும். யூரோ ரொக்கம் மட்டுமே துணை. 2025-இல் வங்கியில் ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 150 தினார். தெருச் சந்தையில் 250-க்கும் மேல். அல்ஜியர்ஸின் போர்சயீத் சதுக்கத்தில் பட்டப்பகலில் கட்டுக்கட்டாகப் பணம் கைமாறுவதைப் பார்க்கலாம். ஊரே பயன்படுத்தினாலும் அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வங்கி விலைக்கே கணக்குப் போட்டு வரவுசெலவைத் திட்டமிட்டால் ஏமாற்றம் இருக்காது. இன்னொரு குழப்பம்: மக்கள் விலையைத் தினாரில் சொல்வதில்லை, சாந்தீமில் சொல்கிறார்கள். ஒரு தினாருக்கு 100 சாந்தீம். கடைக்காரர் ஒரு லட்சம் என்றால் 1,000 தினார். பத்து லட்சம் என்றால் 10,000 தினார். பதறாமல் இரண்டு பூஜ்யங்களை வெட்டிவிடுங்கள். சந்தேகமானால் தாளை எடுத்துக் காட்டிக் கேளுங்கள்.

வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளி பகலில் கடைகள் அநேகமாக மூடியிருக்கும், வீடுகளில் கூஸ்கூஸ் என்ற கோதுமை ரவை உணவு வெந்துகொண்டிருக்கும். அல்ஜியர்ஸில் 2011 முதல் மெட்ரோ ஓடுகிறது. டாக்சிக்கு யாசிர் செயலி உண்டு, பணத்தை ரொக்கமாகக் கொடுக்கலாம். சிம் கார்டுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். ஜூனில் பள்ளி இறுதித் தேர்வு நாட்களில் வினாத்தாள் கசிவைத் தடுக்க இணையத்தையே மணிக்கணக்கில் துண்டித்த ஆண்டுகள் உண்டு. அந்த வாரங்களில் வரைபடங்களை முன்பே இறக்கி வைத்திருங்கள்.

நகரங்களுக்கு வெளியே போகும்போது காவல்துறையோ ஜந்தார்ம்கள் என்ற துணை ராணுவக் காவலர்களோ வழியில் நிறுத்தி விசாரிக்கலாம், சில சமயம் ஒரு வண்டியில் பின்தொடர்ந்தும் வரலாம். கைது என்று பயப்பட வேண்டாம், உங்கள் பாதுகாப்புக்குத் தாங்கள் பொறுப்பு என்று அவர்கள் நினைப்பதன் விளைவு அது. பாஸ்போர்ட் நகல்கள் ஐந்தாறு கையில் இருந்தால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நேரம் மிச்சம். அடுத்த நாள் எங்கே போகிறீர்கள் என்று ஓட்டலில் சொல்லிவிடுங்கள். சீருடை, காவல் நிலையம், ராணுவ வாகனம் எதையும் படமெடுக்கக் கூடாது.

வடக்கில் ரோமானிய ஊர்களுக்கு மார்ச் முதல் மே வரை நல்ல காலம். கி.பி. 100-இல் டிராஜன் பேரரசர் நிறுவிய திம்காத், பாத்னா நகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். சதுரங்கக் கட்டம் போன்ற அதன் தெருக்களில் பல நாட்களில் நீங்கள் மட்டுமே நடப்பீர்கள். நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்குத் தெரிந்த புனித அகுஸ்தினார் ஆயராக இருந்து 430-இல் இறந்த ஹிப்போ, இன்றைய அன்னாபா. கான்ஸ்டன்டைனில் 1912-இல் திறந்த சீதி ம்சீத் தொங்குபாலம், பள்ளத்தாக்குக்கு மேலே 175 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அல்ஜியர்ஸுக்குத் தெற்கே சுமார் 600 கிலோமீட்டரில் கார்தாயா. அதன் ஐந்து கோட்டை ஊர்களில் ஒன்றான பெனி இஸ்கெனுக்குள் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. மனிதர்களைப் படமெடுக்கவும் அங்கே அனுமதியில்லை.

ஆனால் இந்த நாட்டின் பெரும் செல்வம் ஜானெட்டுக்கு மேலே இருக்கும் தசிலி பீடபூமி. 72,000 சதுர கிலோமீட்டரில் 15,000-க்கும் அதிகமான பாறை ஓவியங்கள், செதுக்கல்கள். சகாரா புல்வெளியாக இருந்த காலத்து மாடுகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் நீந்தும் மனிதர்களும் அவற்றில் இருக்கிறார்கள். அந்த ஓவியங்கள் உள்ள செஃபார் என்ற இடத்துக்கு வண்டி போகாது. அடிவாரம் வரை ஜீப், பிறகு செங்குத்தான கணவாய் வழியே நடை. மூட்டைகளைக் கழுதைகள் சுமக்கும். ஐந்து முதல் ஏழு நாள் நடைத் திட்டம் வழக்கம். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்த்து, ஜீப்பிலேயே போகக்கூடிய தத்ரார்த் செம்மணல் மேடுகளைத் தேர்ந்தெடுங்கள். அது லிபிய, நைஜர் எல்லைகளுக்கு அருகில் இருப்பதால், அப்போதைய அனுமதி நிலையை நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அழும் பசுக்கள் என்று பேர்பெற்ற செதுக்கல் ஜானெட்டுக்குத் தெற்கே, அரை நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் தெற்குக்குக் காலம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் பூஜ்யத்தைத் தொடும். அதைத் தாங்கும் தூக்கப் பை வேண்டும், நிறுவனம் தருவதை நம்பாமல் சொந்தமாகக் கொண்டு போங்கள். புலால் உண்ணாதவர்கள் முன்பே எழுதிச் சொல்லுங்கள். அங்கே கறித்துண்டை எடுத்துவிட்ட குழம்பையே சைவம் என்று தருவார்கள், அதனால் குழம்பே காய்கறியில் தனியாக வைக்க வேண்டும் என்று விளக்க வேண்டும். மணலுக்குள் புதைத்துச் சுடும் தகெல்லா ரொட்டியும் பேரீச்சையும் கவலையின்றிச் சாப்பிடலாம்.

ஓவியங்களின் மேல் தண்ணீர் தெளித்தால் நிறம் எடுப்பாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். முன்பு அப்படித் தெளித்ததாலேயே பல ஓவியங்கள் மங்கிப்போயின. தரையில் கிடக்கும் அம்புமுனை, அரைக்கும் கல், பானை ஓடு எதையும் பையில் போடாதீர்கள். ஜானெட் விமான நிலையத்தில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள், தொல்பொருளைக் கடத்துவது அந்த நாட்டில் குற்றம். மீந்த தினாரைக் கிளம்பும் முன்பே செலவழித்துவிடுங்கள். வெளியே வந்தால் அதை மாற்றித் தர யாரும் இல்லை.