இரண்டு நியூ ஹேவன்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

‘5 உமெசெபி தெரு, நியூ ஹேவன், எனுகு’. கடித உறையில் எழுதத்தக்க இந்த விலாசம், 2012இல் வரையப்பட்ட, ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள ஓர் ஓவியத்தின் தலைப்பு. வரைந்தவர் என்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி. நைஜீரியாவின் எனுகு நகரத்தில் நியூ ஹேவன் என்றொரு குடியிருப்புப் பகுதி உண்மையாகவே இருக்கிறது. அந்த நகரில் 1983இல் பிறந்த இவர், பின்னாளில் ஓவியத்தில் முதுகலை படித்த யேல் பல்கலைக்கழகமும் நியூ ஹேவன் என்னும் ஊரில்தான் இருக்கிறது. அது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன். பெயரைக் கேட்டதும் அமெரிக்கருக்கு ஓர் ஊர் கண்முன் வரும், எனுகுக்காரருக்கு வேறோர் இடம் வரும். இருவரையும் ஒரே ஓவியத்துக்கு முன்னால் நிற்க வைத்து, ஆளுக்கொரு படத்தைக் காட்டும் இந்த வித்தையைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் அவர் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தந்தை அறுவை மருத்துவர். தாய் டோரா அகுன்யிலி மருந்தியல் பேராசிரியர். பத்து வயதை ஒட்டி லாகோஸ் நகரத்துப் பெண்கள் பள்ளி விடுதிக்குச் சென்ற சிறுமிக்கு, சொந்த நாட்டுக்குள்ளேயே ஒருமுறை ஊர் மாறிய அனுபவம் வாய்த்திருந்தது. தாய்க்குக் குலுக்கல் முறையில் கிரீன் கார்டு விழுந்ததால், 1999இல், தம் பதினாறாம் வயதில், சகோதரியுடன் அமெரிக்கா வந்தார். மருத்துவராவதே திட்டம். பிலடெல்பியாவின் சமுதாயக் கல்லூரி ஒன்றில்தான் முதன்முதலாக எண்ணெய் வண்ணம் பழகினார். அதன் பிறகு ஸ்வார்த்மோர் கல்லூரியில் உயிரியலையும் ஓவியத்தையும் சேர்த்தே படித்து 2004இல் பட்டம் பெற்றார். குடியேறிய வீட்டுப் பிள்ளை, மருத்துவப் படிப்பை விட்டுவிட்டுத் தூரிகையை எடுக்கிறேன் என்று வீட்டில் சொல்வது எத்தகைய காரியம் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தாயைப் பற்றியும் ஒரு சொல். 2001இல் நைஜீரியாவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்ற டோரா, போலி மருந்து வணிகத்தை எதிர்த்து நின்றார். 2003இல் அவருடைய காரின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அவர் எதிர்த்த போலிச் சரக்கில் இந்தியாவிலிருந்து போனதும் இருந்தது என்பதை நாம் சற்றே கூச்சத்துடன் நினைவில் கொள்ளலாம். இந்தத் தாயின் முகம் அச்சிட்ட துணி, மகளின் ஓவியங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. தேர்தலுக்கும் திருமணத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் உரியவரின் உருவம் பொறித்த துணியை வாங்கித் தைத்து உடுத்திக்கொள்வது நைஜீரிய வழக்கம்.

இனி, ஓவியம் உருவாகும் முறைக்கு வருகிறேன்; என் பேச்சின் உயிர்நாடி இதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் ஓர் அறை, சோபா, மேசை, அமர்ந்திருக்கும் ஒரு பெண். நான்கடி கிட்டே போனால் சுவரும் தரையும், சில இடங்களில் உடலின் தோலுமே, நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு புகைப்படங்களாகப் பிரிந்துபோகின்றன. நைஜீரிய வார இதழ்களின் பக்கங்கள், பாடகர்கள், ராணுவ ஆட்சியாளர்கள், குடும்ப ஆல்பத்துத் திருமணக் காட்சிகள் எல்லாம் அங்கே நெருங்கிக் கிடக்கின்றன. இவற்றை அவர் பெரும்பாலும் வெட்டி ஒட்டுவதில்லை. படத்தை நகலெடுத்து, தாளின் மீது முகம் குப்புறக் கவிழ்த்து, அசிட்டோன் போன்ற கரைப்பானை முதுகுப்புறம் தடவித் தேய்த்தால், மை இளகி அடியிலுள்ள தாளில் இறங்கிவிடும். நகப்பூச்சை அழிக்க நம் வீடுகளில் பயன்படுத்தும் அதே அசிட்டோன்தான். ஆர்வம் தாங்காமல் ஒருநாள் என் பாட்டியின் படத்தை ஜெராக்ஸ் எடுத்து, கரண்டியின் அடிப்பக்கத்தால் தேய்த்துப் பார்த்தேன். மூக்குத்தி வலப்புறத்திலிருந்து இடப்புறம் மாறியிருந்தது. புடவைக் கரை தெளிவாக விழுந்தது. ஒரு கன்னம் விழவே இல்லை. பெயர்த்த படம் ஒருபோதும் முழுதாக வந்து சேர்வதில்லை. ஊர் பெயர்ந்தவரின் நினைவுக்கும் இதுவே நேர்கிறது என்று அந்த ஈரத் தாளைக் கையில் பிடித்திருந்தபோது எனக்குத் தோன்றியது.

அந்தச் சிறு படங்களுக்கு அவர் சுவரில் விளக்கக் குறிப்பு எழுதுவதில்லை. லாகோஸில் வளர்ந்தவர் ஒரு பாடகியின் முகத்தைக் கண்டு சிரிப்பார். நியூயார்க்கில் வளர்ந்தவருக்கு அது சுவர்த்தாளின் பூவேலைபோலத் தெரியும். புதிய நாட்டின் பார்வையாளருக்குப் புரியவேண்டுமென்று எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லும் பழக்கம் புலம்பெயர்ந்த படைப்பாளிகள் பலரிடம் உண்டு. அந்தப் பணிவு இவரிடம் இல்லாததே இவருடைய பெருமிதம் என்று நான் கருதுகிறேன்.

யேல் பட்டம் 2011இல். தொடர்ந்து நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள ஸ்டூடியோ மியூசியம் என்னும் கலை அருங்காட்சியகத்தில் தங்கிப் பணியாற்றும் வாய்ப்பு. பின்னர் லாஸ் ஏஞ்சலஸில் குடியிருப்பு. 2017இல், சிறந்த படைப்பாளிகளுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் மக்ஆர்தர் நல்கை. 2016 நவம்பரில் அவருடைய ஓர் ஓவியம் நியூயார்க் ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. செய்தித்தாள்கள் இதைத்தான் பெரிதாக எழுதின. விற்றவர் முன்பே அதை வாங்கி வைத்திருந்தவர். மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரவேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஒவ்வொரு படத்தையும் கையால் தேய்த்துப் பதிக்கும் இவரோ ஆண்டுக்கு மிகச் சில ஓவியங்களையே முடிக்கிறார். சந்தை அவசரப்படும்போது மெதுவாகவே வேலை செய்வதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

நான் மிகவும் விரும்பும் ஓவியம் 2014இல் வரைந்த ‘மாமா, மம்மி அண்ட் மாம்மா’. மூன்றுமே தாயை அழைக்கும் சொற்கள். அதில் ஒரு மேசை. அதன் மேல் மண்ணெண்ணெய் விளக்கும், ஆங்கிலேயர் ஆட்சி விட்டுச்சென்ற தேநீர்ப் பழக்கத்தின் பாத்திரங்களும், கிராமத்துப் பாட்டியின் வீட்டை நினைவூட்டும் பொருள்களாக இருக்கின்றன. பாட்டியும் தாயும் நிழற்படங்களில் இருக்க, மேசையருகே அமர்ந்திருப்பவர் ஓவியரின் சகோதரி. மூன்று தலைமுறைப் பெண்களும் ஒரே மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்தான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

2015இல் நியூயார்க்கின் விட்னி கலை அருங்காட்சியகம் இந்த ஓவியத்தைப் பெரிதாக அச்சிட்டு, தன் எதிரே கான்ஸ்வூர்ட் தெருக் கட்டடம் ஒன்றின் வெளிச்சுவரில் விளம்பரப் பலகையாக ஏற்றியது. கடிகாரத்துக்கும் கைப்பைக்கும் விளம்பரம் வைக்கும் மன்ஹாட்டன் தெருவில், காப்பிக் குவளையுடன் அலுவலகத்துக்கு விரைந்தவர்களின் தலைக்கு மேலே, நைஜீரியாவின் இக்போ இனத்துக் கிராமத்துப் பாட்டி ஒருவரின் மண்ணெண்ணெய் விளக்கு ஆளுயரத்தையும் தாண்டி நின்றது.