மடையானுக்கு ஊசி போட்டது யார்?

(மன்னார்குடியில் வாசகர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

உள்ளே வரும்போதே ஐயா ஒருவர் பிடித்துக்கொண்டார். "ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டாச்சு. என் பேரன் ஒருத்தனுக்குப் போடாட்டி என்ன?"

தட்டம்மை என்றால் அவர் கேட்பதில் ஓரளவு நியாயம் உண்டு. அது மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவும். நூற்றுக்கு 95 பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் கிருமி போக்கிடம் இல்லாமல் அடங்கிவிடும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு நாம் தேவையே இல்லை. அது பெருகுவது கொக்கு, மடையான் போன்ற நீர்ப்பறவைகள், பன்றி இவற்றின் உடம்பில். அங்கிருந்து நம்மிடம் கொண்டுவரும் கியூலெக்ஸ் கொசு நடவு வயலில் தேங்கிய தண்ணீரில் முட்டையிடுகிறது. மேட்டூர் திறந்து வயல் நிறைந்தால் அதற்கும் போகம்தான். மனித ரத்தத்தில், அடுத்த கொசு எடுத்துப்போகும் அளவுக்கு இந்த வைரஸ் பெருகுவதில்லை. ஆகவே ஊர் முழுக்க ஊசி போட்டாலும் வயலில் வைரஸ் குறையாது. மடையானுக்கு யாரும் ஊசி போடவில்லையே, ஐயா! (சிரிப்பு)

தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. மூளைக்கு ஏறிவிட்டால் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. 100க்கு 30 பேர் வரை இறக்கிறார்கள். பிழைத்த குழந்தைகள் பலருக்கு வலிப்பும் பேச்சுத் தடையும் தங்கிவிடுகின்றன. இந்தியாவில் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டது நம் வேலூரில், 1955இல்.

பழைய தடுப்பூசியை எலி மூளையில் வளர்த்த வைரஸைக் கொன்று செய்தார்கள். மூன்று தவணை, ஒவ்வாமைத் தொல்லை வேறு. பிறகு சீனாவில் கொசுவிலிருந்து எடுத்த வைரஸை ஹாம்ஸ்டர் என்ற எலிபோன்ற சிறு பிராணியின் சிறுநீரக செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் இழக்க வைத்தார்கள். உயிரோடு இருக்கும், நோய் தராது. ஆனால் உடம்பு அதன் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். 2006இல் நம் அரசுத் திட்டத்துக்கு வந்தது இதுதான். கர்நாடகத்தின் கோலாரில் கிடைத்த வைரஸிலிருந்து 2013இல் உள்நாட்டிலேயே ஒரு தடுப்பூசி செய்தார்கள்.

கொரோனா அளவுக்கு இந்த வைரஸ் வேஷம் மாற்றுவதில்லை. என்றாலும் சும்மா இருக்கவில்லை. மரபணு வேறுபாட்டை வைத்து இதைப் பல வகையாகப் பிரிக்கிறார்கள். இந்தத் தடுப்பூசிகள் அதில் மூன்றாம் வகையை வைத்துச் செய்தவை. பின்னால் ஆசியாவில் பல இடங்களில் முதல் வகை மேலோங்கிவிட்டது. அதையும் ஊசி தடுக்கிறது. ஐந்தாம் வகையிடம் அவ்வளவு வலுவில்லை என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. என் கவலை அதில்தான்.

நோய் உள்ள மாவட்டங்களில் முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், அடுத்தது 16 முதல் 24 மாதத்துக்குள். பலர் விட்டுவிடுவது இரண்டாவதைத்தான். வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் புதன்கிழமை செவிலியரிடம் காட்டிக் கேளுங்கள்.