செவ்வாய்க்கிழமைக் கோழி

நடுவர் ஐயாவுக்கும், காலி வீதி நெரிசலைத் தாண்டி இந்த வெள்ளவத்தை மண்டபத்துக்கு வந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம். கிராமத்துப் பெண் கைக்கு வந்த வருமானம் அவளுக்கு உரிமையா, சுமையா? நான் சுமை என்ற பக்கம். சரி.

எதிரணி அண்ணர் ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "மனிசி உழைக்கத் தொடங்கின பிறகு வீட்டில எங்களுக்கு ஒரு தேத்தண்ணி இல்லை. அவையளுக்கு உரிமை வந்திட்டுது, எங்களுக்குத் தாகம் வந்திட்டுது." நான் எழுதி வந்த குறிப்பெல்லாம் கதிரையிலேயே கிடக்கட்டும், முதலில் அந்தத் தேத்தண்ணியைப் பார்ப்போம்.

பரந்தனுக்குப் பக்கத்தில் எங்கள் சின்னம்மா இருக்கிறார். நுண்கடன் எடுத்துக் கோழி வளர்த்தார். நுண்கடன் தெரியும்தானே? காணி உறுதி கேட்க மாட்டார்கள், பெண்களைக் குழுவாக்கி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்று கையெழுத்து வாங்குவார்கள். செவ்வாய்க்குச் செவ்வாய் தவணை. சின்னம்மா ஒரு கோழிக்குச் 'செவ்வாய்' என்றே பெயர் வைத்திருந்தார், முட்டைக்காசு காணாத கிழமை விற்கப்போவது அதைத்தான். அது போனால் அடுத்த கோழி செவ்வாய் ஆகிவிடும்.

அப்படி ஒரு நாள், குழுப் பெண்கள் முற்றத்தில், வசூலிக்கிற தம்பி கதிரையில், சின்னம்மா காசு எண்ணுகிறார். சித்தப்பா எழும்பி, "இண்டைக்கு நான் தேத்தண்ணி போடுறன்" என்றார். முற்றமே வாயடைத்துப் போனது. ஒரு நிமிடம் இல்லை, உள்ளே இருந்து குரல்: "இஞ்சாரும், தேயிலை எங்க?" சின்னம்மா காசை மடியில் கட்டிக்கொண்டு போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, முதலில் இருந்து எண்ணினார். "இஞ்சாரும், சீனி?" மறுபடி போய், மறுபடி முதலில் இருந்து. "நெருப்புப்பெட்டி?" அது அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது, அதையும் சின்னம்மாதான் கண்டுபிடித்தார். நாலாவது தடவை கூப்பிட்டது தண்ணீர் கொதித்துவிட்டதா என்று பார்க்க. கொதித்துவிட்டதா என்று பார்க்க, ஐயா! வடித்தது, ஆற்றியது யாரென்று நான் சொல்லவேண்டுமா? தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது மட்டும் சித்தப்பா. அந்தத் தம்பி ஒரு மிடறு குடித்துவிட்டு, "அண்ணை, நல்ல தேத்தண்ணி" என்றான். மூன்று மாதம் ஊரெல்லாம் இதே பேச்சு. போன பொங்கலுக்கும் சித்தப்பா சொன்னார்.

அண்ணரே, உங்களுக்குக் கிடைக்காமல் போனது இந்தத் தேத்தண்ணியா?

அந்தத் தேயிலையைப் பறித்தவளையும் கேளுங்கள். 1984இல்தான் தோட்டத்தில் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. 2021இல் அதை 1,000 ரூபாய் ஆக்கினார்கள். கூடை இலேசாகியதா? பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து நிறுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், இல்லாவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம். பிறகு லயத்துக்கு வந்து அடுப்பு மூட்டுவதும் அவள்தான், அதற்கு எந்தப் பேரும் இல்லை.

2018இல் அரசாங்கம் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்ததே என்று அடுத்தவர் எழும்புவார். உரிமையை யாராவது தள்ளுபடி செய்வார்களா?

மணியில் கை வைக்காதீர்கள் ஐயா, முடிக்கிறேன். போன தடவை நான் கொழும்புக்கு வெளிக்கிடும்போது சின்னம்மா ஒரு டின்னுக்குள் உமியைக் கொட்டி, பத்து முட்டையைப் புதைத்துத் தந்தார். "வித்தா காசாகுமே சின்னம்மா" என்றேன். "உனக்குத் தாறதுக்கும் நான் கணக்குப் பாக்கோணுமோ?" என்று தலையைத் தடவி அனுப்பிவிட்டார். டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் கிளிநொச்சியைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது, அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.