ஆணிக்கும் பித்தப்பை இருக்கிறது மக்களே!

வணக்கம் மக்களே. பாம்பன் கடற்கரையில் இருந்து பேசுகிறேன். காற்று கொஞ்சம் இரையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு கேம்ப் நடந்தது. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் காலை வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்தால், உடம்பில் இருக்கும் டாக்ஸின், அதாவது நச்சு, எல்லாம் உள்ளங்கால் வழியாக இறங்கிவிடுமாம். பெரியம்மா போய்விட்டு வந்து, "தண்ணி எப்படிக் கறுத்துப்போச்சு தெரியுமாடா, அம்புட்டும் என் உடம்புல இருந்தது" என்கிறார். சுவரில் கலர் சார்ட் வேறு. பழுப்பு வந்தால் கல்லீரல், ஆரஞ்சு வந்தால் மூட்டு, பச்சை வந்தால் பித்தப்பை, வெள்ளை நுரை வந்தால் நிணநீர்.

சரி, இப்போது டம்ளரைப் பாருங்கள். உள்ளே இருப்பது இந்தக் கடல் தண்ணீர்தான். இரண்டு இரும்பு ஆணி, ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஒயரை மாட்டுகிறேன். மைனஸ் பக்க ஆணியில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்புகிறதா? அது ஹைட்ரஜன். பிளஸ் பக்கத்து ஆணி கரைய ஆரம்பித்துவிட்டது. முதலில் அழுக்குப் பச்சையாக ஒரு கசடு, அப்புறம் மேலாக ஆரஞ்சு, கொஞ்ச நேரத்தில் பழுப்பு. மேலே நுரையும் கட்டுகிறது. சார்ட்டின்படி இந்த ஆணிக்குப் பித்தப்பை, மூட்டு, கல்லீரல் மூன்றும் ரிப்பேர்!

அந்தத் தொட்டிக்குள் இருப்பதும் இதே சங்கதிதான். உலோகத் தகடு, உப்பு, கரண்ட். உப்புத்தண்ணீரில் இரும்பு என்ன ஆகும் என்று நங்கூரம் தூக்குகிற நமக்கா சொல்லித்தர வேண்டும்? அதோ தெரிகிறதே பழைய ரயில் பாலம், 1914இல் திறந்தது. அரிப்போடு நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டி, கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். பாலத்துக்கு டாக்ஸின் இறங்கியது என்று யாரும் சொல்லவில்லை.

யூரியா, கிரியாட்டினின் போன்ற கழிவை வடிகட்டி வெளியேற்றுவது சிறுநீரகம். உள்ளங்காலில் வருவது வியர்வை, அதில் பெரும்பகுதி தண்ணீரும் உப்பும்தான்.

எங்கள் அப்பத்தாவும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடும். கண்ணேறு கழிக்கிறேன் என்றுதான் சொல்லும். அயனி, நிணநீர் என்றெல்லாம் அளக்காது, காசும் கேட்காது. கேம்ப்காரரோ செய்வினை, தோஷம் என்றால் படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று வெள்ளை கோட் மாட்டிக்கொண்டு டாக்ஸின் என்கிறார். பேய் அதேதான், பேர்தான் லேப் ரிப்போர்ட்டில் இருந்து வந்திருக்கிறது.

நம்பிக்கையைக் கிண்டல் பண்ண இதைச் சொல்லவில்லை. மனநோய் தீரும் என்று நம்பி தர்காவுக்கு ஆட்களைக் கூட்டிவருகிற ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்ததை இந்த மாவட்டம் மறக்காது. பிறகு அங்கே மனநல மருத்துவர்களும் வந்தார்கள். துவாவும் நடக்கட்டும், மாத்திரையும் போடட்டும், எனக்குப் பிரச்சினை இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்வதுதான் பிரச்சினை. பெரியம்மாவிடம் சர்க்கரை மாத்திரையை 'மெதுவாக விட்டுவிடலாம்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சர்க்கரையால் நரம்பு பாதித்த காலில் சூடு உறைக்காது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. அப்படிப்பட்ட காலைச் சுடுதண்ணீரில் ஊறவைக்காதீர்கள் என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள்.

சட்டமும் இருக்கிறது. 1954ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டம். தாயத்து, மந்திரம், கவசம் எல்லாம் அதில் பேரோடு வருகிறது. சர்க்கரை நோய், காக்காய் வலிப்பு போன்றவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதற்கும் அதில் தடை. கேம்ப் நோட்டீஸை போட்டோ எடுத்து வையுங்கள், புகார் கொடுக்க உதவும்.

உங்கள் ஊருக்கு வந்தால் சண்டை போட வேண்டாம். "காலை வைக்காமல் ஒரு பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டுங்கண்ணே" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் ஊரில் ஒரு மெக்கானிக் அண்ணன் கேட்டார். மிஷின் சூடாகிவிட்டது, நாளைக்கு வாங்க என்றார்கள்.